வாடகையே கடனைக் கட்டிவிடுமா? டர்பனில் முதல் வீடு பற்றி

கேள்வி, 9 பிப்ரவரி 2025

தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கு வந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. கையில் 1.2 லட்சம் ராண்ட் சேர்ந்திருக்கிறது. கடற்கரைப் பக்கம் இரண்டு படுக்கையறை ஃபிளாட் ஒன்று 6.5 லட்சத்துக்கு வருகிறது. மாதம் 7,500 வாடகை கிடைக்கும் என்கிறார் முகவர். வாடகையே வங்கிக் கடனைக் கட்டிவிடும், இருபது ஆண்டில் வீடு இலவசம் என்கிறார்கள் அலுவலகத்தில். வாங்கலாமா? அல்லது சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ் போன்ற புறநகர்ப் பக்கம் மனையோடு வீடு பார்க்கலாமா?

9 பிப்ரவரி 2025, இரவு

கட்டாது. பேனாவை எடுத்துக்கொள்ளுங்கள்.

65,000 கையிலிருந்து போட்டால் மீதி 5.85 லட்சம் கடன். இங்கே அதைப் பாண்ட் என்பார்கள். இனி நானும் அப்படியே எழுதுகிறேன். வங்கிகள் கடனுக்கு அடிப்படையாக வைக்கும் பிரைம் வட்டி இன்று 11 சதவீதம். இருபது ஆண்டுக்கு மாதத் தவணை 6,038. வருவது 7,500, போவது 6,038, மிச்சம் 1,462 என்று உங்கள் அலுவலகத்தில் கணக்குப் போட்டிருப்பார்கள். இதே கணக்கை 2011இல் நானும் ஒரு துண்டுச் சீட்டில் போட்டேன். அந்தச் சீட்டை என் மனைவி பத்திரமாக வைத்திருக்கிறாள், எனக்குக் கர்வம் தலைக்கேறும்போது எடுத்துக் காட்டுவதற்கு.

இப்போது வாடகையிலிருந்து கழியுங்கள். தொகைகள் என் ஃபிளாட்டுடையவை; உங்களுடையது கொஞ்சம் முன்பின் இருக்கும். கட்டடத்தின் உரிமையாளர் சங்கத்துக்கு மாதப் பராமரிப்புக் கட்டணம், லெவி என்பார்கள், 1,900. மாநகராட்சிக்குச் சொத்து வரி, அதாவது ரேட்ஸ், 700. ஆண்டில் ஒரு மாதம் வீடு காலியாகக் கிடக்கும், அதைப் பன்னிரண்டாகப் பிரித்தால் 625. பழுதுபார்க்க 400, போதாது, இருந்தாலும் ஒதுக்குங்கள். மிஞ்சுவது 3,875. தவணையோ 6,038. ஆக மாதா மாதம் சம்பளத்திலிருந்து 2,163 ராண்ட் எடுத்து வைக்க வேண்டும்.

இன்னொன்று: அந்த முதல் தவணை 6,038இல் வட்டி மட்டும் 5,362. அசலில் கழிவது 676.

வாங்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. மாதம் இரண்டாயிரம் போட்டுச் சொத்துச் சேர்ப்பது சீட்டுக் கட்டுவது மாதிரிதான். சீட்டுக் கட்டுகிறோம் என்று தெரிந்து கட்டுங்கள்.

10 பிப்ரவரி

நேற்று ஒன்றை விட்டுவிட்டேன். உள்ளே நுழைவதற்கே கட்டணம் உண்டு.

11 லட்சம் வரை சொத்து மாற்றத் தீர்வை கிடையாது. அதைக் கேட்டுவிட்டு வேறு செலவே இல்லை என்று நினைப்பவர்கள் அநேகம். சொத்தை உங்கள் பெயருக்கு மாற்றும் வழக்கறிஞர் ஒருவர். அவரை அமர்த்துவது பெரும்பாலும் விற்பவர், கூலி கொடுப்பது வாங்குபவர். கல்யாணத்தில் சமையற்காரரை மாப்பிள்ளை வீட்டார் பேசி முடித்துவிட்டுக் கணக்கைப் பெண் வீட்டாரிடம் நீட்டுவது போல. பாண்டைப் பதிவு செய்ய வங்கி அமர்த்தும் வழக்கறிஞர் இன்னொருவர். உங்கள் விலைக்கு இரண்டும் சேர்ந்து 40,000ஐத் தொடும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

1.2 லட்சத்தில் 65,000 போய், 40,000 போய், மிச்சம் 15,000. அதை வைத்துக்கொண்டு வீட்டுக்காரர் ஆகலாம். கீசர் வெடிக்காமல் இருந்தால்.

13 பிப்ரவரி

'கீசர், கீசர் என்று ஏன் பயமுறுத்துகிறீர்கள்' என்று ஒருவர் கேட்டிருக்கிறார். சொல்கிறேன்.

2016 ஜூன், ஒரு ஞாயிறு, விடியற்காலை நாலரை மணி. என் ஃபிளாட்டுக்குக் கீழே குடியிருந்த அம்மா தொலைபேசியில் அழைத்தார். குரலில் கோபமே இல்லை. 'அண்ணா, சாமி மேல் தண்ணீர் கொட்டுகிறது' என்றார். நான் அவரைவிடப் பத்து வயது சின்னவன். ஆனாலும் அண்ணா என்றார். அதிலேயே எனக்குப் பாதி உயிர் போய்விட்டது.

போய்ப் பார்த்தேன். என் குளியலறை மேல் அலமாரியிலிருந்த கீசரின் அடித்தகடு துருப்பிடித்துப் பிளந்திருந்தது. தண்ணீரை நிறுத்தும் வால்வு வெளியே நடைபாதைச் சுவரில், ஒரு சின்ன மரக்கதவுக்குப் பின்னால். கட்டடத்துக்கு வண்ணம் அடித்தவர்கள் மூன்று முறை அந்தக் கதவின் மேலேயே அடித்துப் போயிருந்தார்கள். கதவு எது, சுவர் எது என்றே தெரியவில்லை. காரிலிருந்த ஜாக்கிக் கம்பியால் நெம்பித் திறந்தேன். அதற்குள் கீழ் வீட்டுக் கூரைப் பலகை ஊறி, பூசை அலமாரிமேல் தோசை மடிவது போல மடிந்து விழுந்துவிட்டது. முருகன் படம் நனைந்து கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது. காமாட்சி விளக்கு மட்டும் அப்படியே நின்றது. அந்த அம்மா எனக்குத் தேநீர் போட்டுக் கொடுத்தார். திட்டியிருக்கலாம். தேநீர்தான் இன்றுவரை உறுத்துகிறது.

மறுநாள் சங்கத்து டிரஸ்டிகளிடம் சண்டைக்குப் போனேன், கட்டடத்தின் கீசர் கட்டடத்தின் பொறுப்பு என்று. இல்லை. ஒரு வீட்டுக்கு மட்டும் வெந்நீர் தரும் கீசர் அந்த வீட்டுக்காரரின் பொறுப்பு, அது பொது இடத்தில் மாட்டியிருந்தாலும்கூட. சுவரிலும் தரையிலும் கூரையிலும் உங்கள் எல்லை அவற்றின் நடுக்கோடு. அதற்கு அப்பால் பொது. கட்டடத்துக்குச் சங்கம் எடுத்திருந்த காப்பீடு பெரும்பகுதியைக் கொடுத்தது. காப்பீட்டில் நம் பங்காகக் கட்ட வேண்டிய முதல் தொகையும் முருகன் படமும் என் கணக்கு.

ஆகவே வீடு பார்க்கப் போகும்போது கடல் தெரிகிறதா என்று பால்கனிக்கு ஓடாதீர்கள். தண்ணீரை நிறுத்தும் வால்வு எங்கே என்று கேளுங்கள், திருகிப் பாருங்கள்.

15 பிப்ரவரி

கீசர் கதையில் முக்கியமானது தவறிப்போயிற்று. ஃபிளாட் வாங்குபவர் சுவரை மட்டும் வாங்குவதில்லை, சங்கத்தின் பணப்பெட்டியையும் வாங்குகிறார். கையெழுத்துப் போடும் முன் மூன்று தாள்களைக் கேளுங்கள்: கடைசி ஆண்டுக் கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பு, தணிக்கை செய்த கணக்கு, பத்தாண்டுப் பராமரிப்புத் திட்டம். இந்தத் திட்டமும் தனிச் சேமநிதியும் 2016 அக்டோபரிலிருந்து சட்டப்படி கட்டாயம். கணக்கில் 'லெவி பாக்கி' என்ற வரியைத் தேடுங்கள். பாக்கி பெரிதாக இருந்தால், கட்டாதவர்களின் லிஃப்ட்டுக்கும் நீங்கள்தான் கட்டுவீர்கள்.

எங்கள் கட்டடத்தில் 2018இல் லிஃப்ட்டுக்காக வீட்டுக்கு 11,000 சிறப்பு லெவி விதித்தார்கள். அதற்கு இரண்டு மாதம் முன்பு வாங்கிய ஒரு பையன் கூட்டத்தில் எழுந்து 'எனக்கு யாரும் சொல்லவில்லையே' என்றான். முந்தைய ஆண்டுக் குறிப்பில் லிஃப்ட் பற்றி ஒன்றரைப் பக்கம் இருந்தது. அவன் வாங்கியது தரைத்தளம் வேறு.

14 மார்ச்

பிப்ரவரி 10ஆம் தேதிக் குறிப்பைத் திருத்துகிறேன். பிப்ரவரி 19இல் வரவேண்டிய வரவுசெலவுத் திட்டம் மதிப்புக் கூட்டு வரிச் சண்டையில் தள்ளிப்போய் மார்ச் 12இல் வந்தது. ஏப்ரல் 1 முதல் மாற்றத் தீர்வை இல்லாத வரம்பு 12.1 லட்சம். உங்கள் 6.5 லட்சத்துக்கு இதனால் எதுவும் மாறாது. வீட்டு விலை அதிகமான உம்லாங்காவில் வீடு பார்க்கும் நண்பர் மட்டும் மகிழலாம்.

கட்டுமான நிறுவனத்திடம் புது வீடு வாங்கினால் மாற்றத் தீர்வைக்குப் பதில் மதிப்புக் கூட்டு வரி. அது விலைக்குள்ளேயே அடங்கியிருக்கும். 'தீர்வையே இல்லை' என்று விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் போடுவார்கள். சோற்றுக்குள் பூசணிக்காய்.

6 ஏப்ரல்

ஜோகன்னஸ்பர்க் அன்பர் எழுதுகிறார்: வாடகை தராவிட்டால் மின்சாரத்தைத் துண்டியுங்கள், மூன்று நாளில் ஓடிவிடுவான்.

ஓடமாட்டான், நீதிமன்றம் போவான், வெல்வான். நீதிமன்ற ஆணை இல்லாமல் ஒருவரை வீட்டிலிருந்து வெளியேற்றக் கூடாது என்பது இந்நாட்டு அரசியலமைப்பின் 26ஆம் பிரிவிலேயே இருக்கிறது. எப்படி வெளியேற்றுவது என்பதற்கு 1998இன் சட்டம் இருக்கிறது: மனு, விசாரணைக்குக் குறைந்தது 14 நாள் முன்பு அறிவிப்பு, வயதானவர்கள், குழந்தைகள் இருக்கிறார்களா என்ற கேள்வி. பூட்டை மாற்றுவது, விளக்கை அணைப்பது எல்லாம் உங்களைக் குற்றவாளி ஆக்கும்.

எனக்கு 2018இல் நடந்தது. குடியிருந்தவருக்கு முதல் மாதம் சம்பளம் தாமதம், இரண்டாம் மாதம் சகோதரி மரணம், மூன்றாம் மாதம் தொலைபேசி எடுக்கவில்லை. ஒரு சனிக்கிழமை மின்பெட்டியைத் திறந்து சுவிட்ச்மேல் விரலை வைத்துக்கொண்டு நின்றேன். உள்ளே ஒரு பிள்ளை வாய்ப்பாடு ஒப்பித்துக்கொண்டிருந்தது, ஏழாம் வாய்ப்பாடு, ஆங்கிலத்தில். பெட்டியை மூடிவிட்டு வழக்கறிஞரிடம் போனேன். ஐந்து மாதம் ஆயிற்று. வழக்கறிஞருக்குக் கொடுத்தது மூன்று மாத வாடகை. மொத்தம் எட்டு மாத வாடகை போயிற்று என்று எழுதிக்கொள்ளுங்கள்.

ஆகவே முதல் குறிப்பில் 'ஆண்டுக்கு ஒரு மாதம் காலி' என்று நான் போட்டது நல்ல காலத்துக் கணக்கு.

7 ஏப்ரல்

நேற்று எழுதியதைப் படித்தால் வாடகைக்கு இருப்பவர்கள் எல்லாரும் எதிரிகள் போலத் தொனிக்கிறது. நியாயமில்லை.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது அதே ஃபிளாட்டில் ஓர் உணவகச் சமையற்காரர் குடியிருந்தார். உணவகம் மூடிவிட்டது. ஏப்ரல் முதல் தேதி தானாகவே அழைத்து, 'பாதி தருகிறேன், மீதியை எழுதி வையுங்கள்' என்றார். வங்கி எனக்கு மூன்று மாதம் தவணை தள்ளிவைத்தது. வட்டி மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. அவர் அந்தப் பாக்கியை 2021 இறுதிக்குள், சில மாதம் 200, சில மாதம் 350 என்று அடைத்து முடித்தார். இன்றும் அவர்தான் இருக்கிறார். சந்தை வாடகையைவிட 600 குறைவாக வாங்குகிறேன். என் மைத்துனர் இதைக் கேட்டால் தலையில் அடித்துக்கொள்வார். 2018இன் எட்டு மாத வாடகையை 600ஆல் வகுத்துப் பாருங்கள், யார் கணக்கு சரி என்று தெரியும்.

வாடகைக்கு விடுவதற்குமுன் வருமானச் சீட்டு, முந்தைய வீட்டுக்காரரின் தொலைபேசி எண், கடன் வரலாறு எல்லாம் கேளுங்கள். தற்போதைய வீட்டுக்காரரை நம்ப வேண்டாம். ஆளை அனுப்பிவிடும் அவசரத்தில் அவர் புகழ்ந்து தள்ளுவார். அதற்கு முந்தைய வீட்டுக்காரரிடம் கேளுங்கள்.

9 ஏப்ரல்

முன்பணம் பற்றிச் சுருக்கமாக. அது உங்கள் பணமல்ல. வட்டி தரும் கணக்கில் தனியாக இருக்க வேண்டும், வட்டியும் அவருக்கே. குடிபுகும்போதும் காலி செய்யும்போதும் இருவரும் சேர்ந்து வீட்டைச் சுற்றிப் பார்த்துக் குறையை எழுதிக் கையெழுத்திட வேண்டும். நீங்கள் அப்படிப் பார்க்கத் தவறினால், வீடு நல்ல நிலையில் திரும்பி வந்தது என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். நான் 2014இல் ஒருமுறை சோம்பலில் சாவியைக் காவலாளியிடம் கொடுக்கச் சொன்னேன். பிறகு போனால் சமையலறை அலமாரிக் கதவு நான்கில் மூன்று இல்லை. எங்கே போயின என்று இன்றுவரை தெரியவில்லை. முன்பணம் முழுவதையும் திருப்பிக் கொடுத்தேன்.

சேதம் இல்லையென்றால் 7 நாளில் திருப்ப வேண்டும்; சேதத்தைச் சரிசெய்து கழிப்பதென்றால் 14 நாள், ரசீதுகளோடு.

25 ஏப்ரல்

மதிப்புக் கூட்டு வரி 15.5 ஆகும் என்றார்கள். வேண்டாம் என்று விலக்கிக்கொண்டார்கள். 15ஆகவே இருக்கிறது. யாரும் இதற்காக வீட்டு முடிவை மாற்ற வேண்டாம்.

30 மே

நேற்று வட்டியைக் கால் சதவீதம் குறைத்தார்கள். பிரைம் 10.75. உங்கள் தவணை 6,038லிருந்து 5,939. மாதம் 99 ராண்ட் மிச்சம்: ஒரு ஆட்டுக்கறி பன்னி சௌ (கால் ரொட்டியைக் குடைந்து குழம்பு நிரப்பித் தருவது), கடையைப் பொறுத்து.

சிரிக்கிறேன், ஆனால் எதிர்த்திசையையும் நினைத்துப் பாருங்கள். 2020இல் பிரைம் 7 சதவீதம். அப்போது பாண்ட் எடுத்த என் அலுவலகப் பையன்கள் 2023 மே மாதத்தில் 11.75 கட்டினார்கள். வட்டி இரண்டு சதவீதம் ஏறினால் தாங்குமா என்று முதலிலேயே போட்டுப் பார்க்காதவர்கள் அந்த ஆண்டு காரை விற்றார்கள்.

15 ஜூன்

மனையோடு வீடா, ஃபிளாட்டா என்ற இரண்டாவது கேள்வியை நான்கு மாதமாகத் தள்ளிக்கொண்டே வருகிறேன். காரணம் என் மாமனார்.

2011இல் நான் ஃபிளாட் வாங்கியதும் அவரைக் கூட்டிப்போய்க் காட்டினேன். சுற்றிப் பார்த்தார். சன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்தார். 'மாப்பிள்ளை, இதில் மண் எங்கே?' என்றார்.

அவருடைய அப்பாவுக்குக் காட்டோ மேனரில் காய்கறித் தோட்டம் இருந்தது. ஒப்பந்தக் கூலியாக வந்த குடும்பம், கரும்புத் தோட்டத்து ஐந்தாண்டை முடித்துவிட்டு, கூடை சுமந்து விற்றுச் சேர்த்த நிலம். 1946இல் ஒரு சட்டம், இந்தியர்கள் எங்கே நிலம் வாங்கலாம் என்று கட்டுப்படுத்தியது. 1950இல் குழுப் பகுதிகள் சட்டம், இருந்த இடத்திலிருந்தே கிளப்பியது. அறுபதுகளில் அவர்களைச் சாட்ஸ்வொர்த்துக்கு அனுப்பினார்கள்: எண்களால் அழைத்த பகுதிகள், ஒரே அச்சில் வார்த்த வீடுகள். தோட்டத்துக்குக் கிடைத்த பணத்தில் ஒரு தையல் இயந்திரமும் கட்டிலும் வாங்கியதாகச் சொல்வார். 1994க்குப் பிறகு நில மீட்புச் சட்டம் வந்தபோது, 1998 டிசம்பர் 31 கடைசி நாள் என்று கோயிலில் அறிவித்தார்கள். விண்ணப்பித்தார். பணமாகக் கொடுத்தார்கள், நிலமாக அல்ல.

ஆகவே சாட்ஸ்வொர்த்தில் ஒரு பெரியவர் 'மண் வாங்கு' என்று சொன்னால் அது முதலீட்டு ஆலோசனை மாதிரி காதில் விழும். அதற்குள் இருப்பது வேறு. இரண்டையும் பிரித்துக் கேட்க எனக்குப் பத்தாண்டு ஆயிற்று. கணக்காக மட்டும் பார்த்தால், மனை வீட்டில் லெவி இல்லை, கூரையும் சுவரும் வடிகாலும் முழுக்க உங்கள் தலையில். பின்புறம் அவுட்பில்டிங், அதாவது தனியாகக் கட்டிய பின்கட்டு, இருந்தால் இரண்டு வாடகை. அதனால்தான் எல்லாரும் அதைத் தேடுகிறார்கள்.

17 ஜூன்

அவுட்பில்டிங் என்றதும் ஆறு பேர் கேட்டுவிட்டீர்கள்.

அதற்கு மாநகராட்சி அனுமதித்த வரைபடம் இருக்கிறதா? இங்கே பின்கட்டு அறைகள் பல, மகன் கல்யாணத்துக்காக மேஸ்திரியும் மைத்துனனும் சேர்ந்து மூன்று வார இறுதியில் எழுப்பியவை. பாசத்தோடு கட்டியிருப்பார்கள். வரைபடம் இருக்காது. தீப்பிடித்தால் காப்பீட்டு நிறுவனம் முதலில் கேட்பது அதைத்தான். விற்பவரிடம் வரைபடத்தின் நகலைக் கேளுங்கள். வீட்டை அதோடு ஒப்பிட்டு அறைகளை எண்ணுங்கள். எண்ணிக்கை ஒத்துப்போகாவிட்டால், சரிசெய்து தருவது விற்பவர் பொறுப்பு என்று ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லுங்கள்.

மின்சாரச் சான்றிதழும் அப்படியே. சொத்து கைமாறும்போது அது இரண்டு ஆண்டுக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும். பின்கட்டையும் சேர்த்துச் சோதித்தார்களா என்று பாருங்கள். முன்வீட்டிலிருந்து ஒரு நீட்டிப்புக் கம்பியை வேலியோடு இழுத்துவந்த பின்கட்டில் நானே தேநீர் குடித்திருக்கிறேன்.

வண்டுச் சான்றிதழ் என்று ஒன்று உண்டு என்றால் இந்தியாவிலிருப்பவர்கள் நம்புவதில்லை. கூரை மரத்தைத் துளைக்கும் வண்டு இல்லை என்று ஆய்வாளர் தரும் சான்று. சட்டம் கேட்கவில்லை, ஆனால் நம் கடலோரத்தில் ஒப்பந்தங்கள் வழக்கமாகவே கேட்கும். கேளுங்கள். வண்டு ஒப்பந்தம் படிக்காது.

2 ஆகஸ்ட்

பிரைம் 10.5. தவணை 5,841. இன்னொரு பன்னி சௌ.

முதலில் கேள்வி கேட்ட தம்பி பீனிக்ஸில் இரண்டு வீடு பார்த்தாராம், இரண்டும் சரிவில், 'சுவரெல்லாம் நன்றாக இருக்கிறது' என்கிறார். இது ஆகஸ்ட். டர்பனில் வறண்ட காலம். ஆகஸ்டில் எல்லாச் சுவரும் நல்ல சுவர். 2022 ஏப்ரல் 11, 12இல் பெய்த மழையில் சரிவுகள் எப்படி இறங்கின என்று அந்தத் தெருவிலேயே கேளுங்கள், விற்பவரிடம் அல்ல, இரண்டு வீடு கீழே இருப்பவரிடம். மண்ணைத் தாங்கும் சுவரின் அடியில் தண்ணீர் வடிய ஓட்டைகள் இருக்கின்றனவா, சுவர் வயிறு தள்ளியிருக்கிறதா, புதுப் பூச்சு ஒரே ஒரு இடத்தில் மட்டும் பளிச்சென்று இருக்கிறதா என்று பாருங்கள். முடிந்தால் அக்டோபருக்குப் பிறகு ஒரு மழை நாளில் மீண்டும் போங்கள், குடையோடு.

2022 பிப்ரவரியிலிருந்து விற்பவர் வீட்டின் குறைகளை ஒரு படிவத்தில் எழுதிக் கையெழுத்திட்டு முகவரிடம் தர வேண்டும். அதைப் படியுங்கள். எல்லாக் கட்டத்திலும் 'இல்லை' என்றிருந்தால் இன்னொரு முறை வீட்டைப் பாருங்கள். 'உள்ளது உள்ளபடி' என்று விற்றுவிட்டால் பிறகு தெரியவரும் குறைக்கு அவரைப் பிடிப்பது கடினம். தெரிந்தே மறைத்தார் என்று நீங்கள் நிரூபிக்க வேண்டும்.

21 செப்டம்பர்

புரட்டாசி பிறந்துவிட்டது. பீனிக்ஸ் அக்கா ஒருவர் கேட்கிறார்: பின்கட்டில் குடியிருப்பவர் இந்த மாதம் கறி சமைக்கக் கூடாது என்று வாடகை ஒப்பந்தத்தில் எழுதலாமா?

அக்கா, எனக்குப் புரிகிறது. ஊரே மரக்கறி தின்னும் மாதத்தில், பின்கட்டிலிருந்து ஆட்டுக்கறிக் குழம்பு வாசம் பூசையறைக்குள் வந்தால் மனம் கஷ்டப்படும். ஆனால் மதத்தை வைத்து வாடகைதாரரிடம் பாகுபாடு காட்டக் கூடாது என்று வாடகை வீட்டுச் சட்டம் சொல்கிறது. அந்த நிபந்தனையை எழுதினால் தகராறில் உங்களுக்கே எதிராக நிற்கும். பின்கட்டுச் சமையலறைச் சன்னலுக்கு எதிர்ப்பக்கம் புகை இழுக்கும் விசிறி ஒன்று போடுங்கள், 900 ராண்ட். அந்தச் செலவை வாடகை வருமானத்திலிருந்து கழிக்க முடியுமா என்று அடுத்து கேட்பீர்கள். பழுதுபார்த்தால் கழிக்கலாம், புதிதாகச் சேர்த்தால் அப்படிக் கழிக்க முடியாது. பாண்ட் தவணையிலும் வட்டியைத்தான் கழிக்கலாம், அசலை அல்ல.

என் மாமியார் சொன்ன வழி இன்னும் மலிவு: புரட்டாசி சனிக்கிழமை அவர்களுக்கும் ஒரு தட்டு பொங்கலும் வடையும் கொடுத்தனுப்புவது. அவர்களே சன்னலை மூடிக்கொள்வார்களாம்.

12 அக்டோபர்

இதற்காகத்தான் இவ்வளவு நாள் எழுதிக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது.

தம்பிக்கு ஒரு வீடு கிடைத்துவிட்டது. சாட்ஸ்வொர்த், ஆரினா பார்க். மூன்று அறை, பின்கட்டு, மாமரம். சுற்றுவட்டாரத்தில் 9 லட்சம் போகும் வீடு, இவருக்கு 6.2. முகவர் இல்லை, குடும்பத்தார் நேரடியாக விற்கிறார்கள், 50,000 ரொக்கம் கொடுத்தால் சாவி. நேற்று என்னையும் கூட்டிப்போனார்.

மாமரம் உண்மை. வரவேற்பறையில் ஒரு தாத்தாவின் படம், மாலையோடு. விற்பவர் அவருடைய பேரன், நல்ல பிள்ளை, எங்களுக்குச் சமோசா வைத்தார். வீட்டுப் பத்திரத்தைக் காட்டுங்கள் என்றேன். பிஸ்கட் டப்பாவிலிருந்து எடுத்து வந்தார். பத்திரத்தில் இருந்த பெயரும் படத்துக்குக் கீழே எழுதியிருந்த பெயரும் ஒன்று. படத்தில் மறைந்த தேதியும் இருந்தது: 1997.

'இந்த வீடு யார் பெயரில் இருக்கிறது?' என்றேன்.

'தாத்தா பெயரில்தான் அங்கிள். ஆனால் ஆயா வாயால் எனக்கென்று சொல்லிவிட்டுப் போனார்கள்.' ஆயா என்றது பாட்டியை.

வாயால் சொன்னதை யாரும் பதிவு செய்ய மாட்டார்கள். இந்நாட்டில் நிலம் விற்பது எழுத்தில், உரிமை உள்ளவரின் கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். இறந்தவர் கையெழுத்துப் போட முடியாது. அவர் சார்பில் போடக்கூடியவர் உயர் நீதிமன்றத்தின் மாஸ்டர் (இறந்தவர் சொத்துகளைக் கவனிக்கும் அதிகாரி) நியமித்த நிர்வாகி ஒருவரே. தாத்தாவுக்கு உயில் இல்லை. பிள்ளைகள் ஏழு பேர். இருவர் காலமாகிவிட்டார்கள், அவர்கள் பங்கு அவர்கள் பிள்ளைகளுக்கு. ஒருவர் பெர்த்தில். ஒருவரோடு இந்தக் குடும்பம் 2005 கல்யாணத்திலிருந்து பேசுவதில்லை. ஆயாவின் பங்கு தனி. அவர் இறந்ததால் அதுவும் ஒரு தனிச் சொத்துக் கணக்கு.

பேரன் ஏமாற்றவில்லை. பதினெட்டு ஆண்டாக ரேட்ஸ் அவர் கட்டுகிறார், கூரை மாற்றியிருக்கிறார், ஆயாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்டார். வீடு தன்னுடையது என்று மனதார நம்புகிறார். அதனால்தான் இது ஆபத்து: பொய் சொல்பவனின் முகத்தில் ஏதாவது தெரியும், இவர் முகத்தில் ஒன்றும் இல்லை.

13 அக்டோபர்

தம்பி கேட்கிறார்: 50,000 கொடுத்துக் குடியேறிவிட்டு, பத்திரம் மெதுவாக வரட்டும் என்று இருந்தால் என்ன?

பெர்த்திலிருந்து ஒருவர் மின்னஞ்சல் அனுப்பும்வரை எதுவும் ஆகாது. அனுப்பிய பிறகு நீங்கள் யார்? உரிமையாளருமல்ல, வாடகைதாரருமல்ல. ஏப்ரல் 6ஆம் தேதிக் குறிப்பில் வெளியேற்றப்படுபவர் இடத்தில் உங்களை வைத்துப் படியுங்கள்.

முறையாகச் செய்ய வழி உண்டு. குடும்பம் மாஸ்டரிடம் போய் நிர்வாகியை நியமிக்கட்டும். கடன் கொடுத்தவர்களுக்கு அறிவிப்பு, கணக்கு, அதைப் பார்வைக்கு வைப்பது என்று எல்லாம் முடிய ஓராண்டுக்குக் குறையாது. நிர்வாகிக்கு மொத்தச் சொத்தில் 3.5 சதவீதம் வரை கட்டணம். விற்பனைக்கு மாஸ்டரின் ஒப்புதல் வேண்டும். காத்திருக்க மனமிருந்தால் காத்திருங்கள். ஆனால் ரொக்கம் ஒரு ராண்டும் கொடுக்காதீர்கள்; கொடுப்பதாக இருந்தால் வழக்கறிஞர் பிறர் பணத்தைத் தனியாக வைத்திருக்கும் டிரஸ்ட் கணக்கில் மட்டும்.

எந்த வீடாக இருந்தாலும், சமோசா சாப்பிடும் முன்பே வழக்கறிஞரிடம் சொல்லி பீட்டர்மரிட்ஸ்பர்க் பத்திரப் பதிவகத்தில் பெயரைத் தேடச் சொல்லுங்கள். சில நூறு ராண்ட். இதை பிப்ரவரி 9ஆம் தேதியே, கணக்குக்கும் முன்னால் எழுதியிருக்க வேண்டும். எழுதாதது என் தவறு. ஃபிளாட்காரன் புத்தி, ஃபிளாட்டுகளில் யாருடைய தாத்தாவும் இருப்பதில்லை.

16 அக்டோபர்

என் மனைவி இந்த இழையைப் படித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: 'அப்பா வீடு யார் பெயரில் இருக்கிறது?'

மாமனார் 2019இல் காலமானார்.

19 அக்டோபர்

தேடச் சொன்னேன். அவருடைய அப்பா பெயரில்.

23 நவம்பர்

நிறைய பேர் கேட்பதால்: ஆமாம், மாஸ்டர் அலுவலகத்துக்குப் போய்வந்தோம். இரண்டு இறப்புச் சான்றிதழ், மாமியாரின் திருமணச் சான்றிதழ், நான்கு மைத்துனர்களின் அடையாள அட்டை. திருமணம் கோயிலில் நடந்து, பதிவு சில ஆண்டு கழித்து. அந்தத் தாளைத் தேடத் தனியாக ஒரு வாரம். மாமியார் எல்லாவற்றையும் பழைய டப்பாவில்தான் வைத்திருந்தார். அதே ரகப் பிஸ்கட்.

வியாழக்கிழமை வட்டி மறுபடி இறங்கியது. பிரைம் 10.25, தவணை 5,743. பிப்ரவரியைவிட 295 குறைவு. தம்பி கடற்கரை ஃபிளாட்டையே மறுபடி பார்த்திருக்கிறார். விலை இப்போது 6.3. சங்கத்தின் கூட்டக் குறிப்பை வாங்கி எனக்கு அனுப்பினார். லெவி பாக்கி குறைவு, சேமநிதி பரவாயில்லை, நான்காம் பக்கத்தில் லிஃப்ட் என்ற சொல் வருகிறது. அதைப் பற்றி முகவரிடம் கேட்டிருக்கிறாராம். நடைபாதை வால்வையும் திருகிப் பார்த்தேன், அண்ணா, சுற்றுகிறது என்று எழுதியிருக்கிறார்.